என் காலைப் பிடித்தவர்

எண்பதுகளின் நடுவில், ஒரு காணும் பொங்கலன்று, திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது இது. பார்த்தவர்களுக்கு அது ஒரு சாதாரண கபடிப் போட்டி. யார் ஜெயித்தார்கள் என்பதுகூட இன்றைக்கு அங்கே யாருக்கும் நினைவிருக்காது. எனக்கு மட்டும் அது போன உயிர் திரும்பி வந்த நாள். கொஞ்சம் அளந்து விடுகிறேன் என்று தோன்றினால், முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

நான் கிளியனூர் பக்கத்து ஆள். ஊருக்கு வெளியே இருந்த காலனியில் பிறந்தவன். சொந்த நிலம் கிடையாது, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் காலத்தில் குடும்பத்தோடு கூலிக்குப் போவோம். கடவுள் எனக்குக் கொடுத்தது இரண்டு கால்களும் நல்ல நீளமான மூச்சும்தான். எதிரணிக்குள் 'கபடி கபடி' என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டே போய், யாரையாவது தொட்டுவிட்டு, அவர்கள் கையில் சிக்காமல் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும். அது எனக்கு நன்றாக வந்தது. அதைப் பார்த்துத்தான் விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆலைக்காரர்கள் என்னைத் தங்கள் அணிக்கு எடுத்துக்கொண்டார்கள். பெயருக்கு வாட்ச்மேன் வேலை. உண்மையில் சம்பளம் ஆட்டத்துக்குத்தான். எங்கள் பக்கத்தில் ஒருவன் விளையாடிப் பிழைக்க வேண்டுமென்றால் அன்றைக்கு இருந்தது அந்த ஒரு வழிதான்.

ஆலை அணிக்கு வந்த பிறகு என்னை யாரும் பிடித்ததே இல்லை என்று சொல்லலாம். ஊர் ஊராகப் போட்டிக்குப் போவோம். மைக்கில் என்னை 'எண்ணெய்க்கால்' என்று அறிவிப்பார்கள். நான் காலில் எண்ணெய் தடவிக்கொண்டு இறங்குகிறேன் என்று ஒருமுறை எதிரணி புகார் சொல்ல, நடுவர் என்னை மண்ணால் காலைத் தேய்த்துக் காட்டச் சொன்னார். தேய்த்துக் காட்டினேன். கூட்டம் விசில் அடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. காலனியில் பையன்களோடு ஆடிய காலத்தில் தினமும் மண்ணைக் கவ்வியிருக்கிறேன். அதே நான் வெளியே வந்ததும் பிடிபடாதவன் ஆகிவிட்டேன். நாம் எங்கேயோ போய்விட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய அசடு பாருங்கள்.

அந்த நினைப்பு உடைந்த இடம் கூட்டேரிப்பட்டு. மயிலம் பக்கத்தில் ஒரு போட்டியில் ஜெயித்துவிட்டு விழுப்புரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். ரோட்டோர டீக்கடைக்குப் பின்னால் இருந்த அடிபம்பில் நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். முன்பக்க பெஞ்சில், எங்களிடம் தோற்ற அணிக்காரர்கள் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு கீற்றுத் தடுப்புதான். நான் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

"ஏண்டா, காலு உன் மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கினு இருந்துச்சே. புடிக்கறதுக்கு இன்னா?"

"போடா நீ வேற. அவன் காலப் புடிக்கச் சொல்றியா? தோத்தா இன்னிக்கி ஒரு நாளு பேச்சு. அவன் காலப் புடிச்சேன்னு தெரிஞ்சா, சாவற வரைக்கும் ஊர்ல அதே பேச்சா இருக்கும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கடைக்காரரும் கூடச் சிரித்தார்.

காலைப் பிடிப்பது என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கெஞ்சுகிறவன் பிடிப்பான், தப்பு செய்தவன் பிடிப்பான், கீழே இருக்கிறவன் பிடிப்பான். என் அப்பா எத்தனையோ பேர் காலைப் பிடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் கபடியில், ஓரத்தில் நிற்கிறவனுக்கு முதல் பாடமே பாடி வருகிறவனின் கணுக்காலைக் கட்டிப் பிடிப்பதுதான். அந்த ஒரு பிடியை எனக்கு மட்டும் யாரும் போடவில்லை. எங்கள் அணி ஆட்கள்கூடப் பயிற்சியில் என்னைச் சட்டையோடு சேர்த்து இடுப்பில்தான் பிடிப்பார்கள். அதுவும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவமானம் எனக்குப் புதுசு இல்லை. தனி கிளாஸில் டீ குடித்திருக்கிறேன். சாப்பிட்ட இலையை நானே எடுத்துப் போட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் வயிறு எரியும், அப்புறம் ஆறிவிடும். 'போங்கடா, மைதானத்தில் உங்களுக்கு நான் யாரென்று காட்டுகிறேன்' என்று எனக்குள் சொல்லிக்கொள்ள ஓர் இடம் இருந்தது. இப்போது அந்த இடத்திலேயே கை வைத்துவிட்டார்கள். நான் வாங்கிய பாயின்ட்டில் எது என் காலால் வந்தது, எது என் சாதியால் வந்தது? யாரிடம் போய்க் கேட்பது?

அடுத்த போட்டியில் சோதித்துப் பார்த்தேன். ஓமந்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பாடிக்கொண்டே போய் ஓரத்து ஆளுக்கு எதிரில் வேண்டுமென்றே நின்றேன். இடது காலை முன்னால் ஊன்றினேன். ஒரு சின்னப் பிள்ளைகூடக் குனிந்து பிடித்திருக்கும். அந்த ஆள் குனிந்தார், கை முழங்கால் வரைக்கும் வந்தது, அங்கேயே நின்றது. பிறகு பின்னால் ஒரு எட்டு வைத்தார். நான் அவர் தோளைத் தட்டிவிட்டு நடந்தே திரும்பி வந்தேன். மைக்கில் 'எண்ணெய்க்கால்' என்று கத்தினார்கள். ஜனங்கள் கை தட்டினார்கள்.

அதன் பிறகு எனக்கு என்னவோ ஆகிவிட்டது. படுத்தால் தூக்கம் இல்லை. சோறு தொண்டையில் இறங்கவில்லை. மைதானத்தில் கோட்டருகே போனதும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், உள்ளங்கை ஜில்லிட்டுப் போகும், பாட்டு பாதியில் அறுந்துவிடும். மூச்சு விட்டால் ஆள் அவுட். மூச்சுக்குப் பெயர் வாங்கியவன் மூச்சு விட்டே அவுட் ஆனேன். டாக்டரிடம் போனால் ரத்தம் கம்மி என்று டானிக் எழுதிக் கொடுத்தார். எங்கள் பயிற்சியாளர் நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். "ஆம்பளைக்கு இன்னாபா மனசு கினசு? கிரவுண்ட நாலு சுத்து சுத்து, எல்லாம் சரியாப் பூடும்" என்றார். சுற்றினேன். சரியாகவில்லை. இன்றைக்கு விளையாட்டுக்காரர்கள் 'எனக்கு மனசு சரியில்லை' என்று டிவியிலேயே சொல்கிறார்கள். கேட்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, பொறாமையாகவும் இருக்கிறது. அன்றைக்கு அதைச் சொல்ல எங்களிடம் வார்த்தையே இல்லை. ரயிலடிப் பக்கம் தனியாக நடந்து போகும்போது, இருந்து என்ன செய்யப் போகிறோம் என்கிற நினைப்பு வரும். பயந்துபோய் ஜனம் இருக்கிற பக்கமாகத் திரும்பி நடப்பேன்.

என் மனைவியிடம்தான் கடைசியில் சொன்னேன். கல்யாணமாகி அப்போது ரொம்ப நாள் ஆகவில்லை. வாய் கொஞ்சம் ஜாஸ்தி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இன்னா மாமா நீ, புடிபடக் கூடாதுன்னு ஊரே சாமிய வேண்டிக்கினு இருக்குது. உன்னைய புடிக்கலன்னு நீ அழுதுகினு குந்தியிருக்கிற" என்றாள். சொல்லிவிட்டு அவளே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பொங்கல் வந்தது. திண்டிவனத்துப் போட்டிக்குக் கிளம்பும்போது மேனேஜர் கூப்பிட்டு, "இந்த வாட்டி நீ பாடலன்னா உன்னைய வச்சிக்கினு நாங்க இன்னா பண்றது? ஊருக்குப் போய்ச் சேரு" என்று சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆட்டத்துக்குச் சம்பளம் கொடுக்கிறவர் ஆட்டத்தைத்தானே கேட்பார். எனக்கும் அதுதான் கடைசி ஆட்டம் என்று தோன்றிவிட்டது. ஆடிவிட்டு ஊருக்குப் போய் மறுபடியும் மல்லாட்டை பிடுங்க வேண்டியதுதான்.

இறுதிப் போட்டி வெயில் தாழ்ந்த பிறகு ஆரம்பித்தது. முதல் தடவை போனேன், நடுவிலேயே பாட்டு அறுந்தது, அவுட். கூட்டத்தில் சிரித்தார்கள். எங்கள் பக்கம் பாயின்ட் எடுத்ததும் மறுபடி உள்ளே வந்தேன், மறுபடி போனேன். இந்த முறை எனக்கு அக்கறையே இல்லை. திண்டிவனத்து அணியின் இடது ஓரத்தில் ஒருவர் நின்றார். என் வயதுதான் இருக்கும், குள்ளமான ஆள், காது மடல் இரண்டும் கபடி ஆடி ஆடி நசுங்கிப் போயிருந்தன. முன்பின் பார்த்ததில்லை. ஆனால் என்னை யாரென்று அவருக்குத் தெரியும், மைக்கில்தான் ஊர் பெயரோடு காலனியையும் சேர்த்துச் சொல்லியிருந்தார்களே. நீயும் ஒதுங்கத்தானே போகிறாய், ஒதுங்கு என்று இடது காலை அவருக்கு முன்னால் வைத்தேன்.

வைத்ததுதான் தெரியும். கணுக்காலில் இரும்புப் பூட்டு போட்ட மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் கட்டி, கன்னத்தை என் புறங்காலில் அழுத்தி, அப்படியே பின்னால் சாய்ந்து இழுத்தார். நான் குப்புற விழுந்தேன். மற்றவர்கள் எல்லாரும் மேலே வந்து விழுந்தார்கள். கோட்டை நோக்கிக் கையை நீட்டினேன், எட்டவில்லை. மூச்சு போய்விட்டது. நடுவர் விசில் ஊதினார்.

எல்லாரும் எழுந்தார்கள். நான் எழவில்லை. மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அந்த ஆள் பயந்துவிட்டார். காலை உடைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து நீவ ஆரம்பித்தார்.

"ரொம்ப முறுக்கிட்டனா? எங்க வலிக்குது, சொல்லுபா."

கூட்டத்தில் அவர் ஊர்க்காரர் யாரோ கத்தினார். "டேய், அவுட்டாயிட்டான் இல்ல, அவன் கால வுட்றா! அசிங்கமா இருக்குது!"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் சுண்டு விரலைச் சொடக்கு எடுத்துக்கொண்டே, "காலப் புடிக்காம இன்னாய்யா கபடி? நீ வேணா வந்து கையப் புடிச்சி காட்டு" என்றார். அதற்கும் கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

பிறகு என்னிடம் மட்டும், "உன்னைய புடிக்கணும்னு நெனச்சிகினே வந்தேன்பா. எண்ணெய்க்கால் எண்ணெய்க்கால்னு சொல்லிச் சொல்லிப் பேஜார் பண்ணிட்டானுங்க" என்றார்.

அவர் பெரிய தியாகம் செய்வதாக நினைத்துச் செய்யவில்லை. எனக்கு ஆறுதல் சொல்லவும் வரவில்லை. அவருக்கு ஒரு பாயின்ட் வேண்டும், அதற்கு என் கால் வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குத்தான் நான் ஏங்கிக் கிடந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஆடினேன் பாருங்கள். கணுக்கால் வீங்கியிருந்தது, ஆனால் பாட்டு அடிவயிற்றிலிருந்து வந்தது. வேண்டுமென்றே அந்த இடது ஓரத்துக்கே போனேன். அவர் பாய்ந்தார், நான் துள்ளினேன், விரல் நுனியில் உரசிக்கொண்டு தப்பினேன். கோட்டைத் தாண்டி வந்து திரும்பிப் பார்த்தால், அவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்கிறார். என் வாழ்க்கையில் எனக்கே எனக்கென்று வந்த பாயின்ட் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அடுத்த முறை மறுபடியும் பிடித்துவிட்டார். எங்கள் அணி தோற்றுவிட்டது. ஆனால் மேனேஜர் ஊருக்குப் போகச் சொல்லவில்லை. "பாட்டு திரும்ப வந்துடுச்சே" என்று மட்டும் சொன்னார்.

விழுப்புரத்துக்கு நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தேன். வாசலிலேயே என் மனைவி, "ஜெயிச்சியா மாமா?" என்று கேட்டாள்.

"இல்ல. புடிச்சிட்டாங்க" என்றேன், பல்லெல்லாம் தெரிய.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், வீங்கிய காலைப் பார்த்தாள். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். நான் இரண்டாவது உருண்டை கேட்டபோதுதான், "புடிச்சவன் புள்ளகுட்டியோட நல்லா இருக்கட்டும்" என்றாள்.

எனக்குள் எல்லாம் அன்றோடு தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். படபடப்பு அவ்வப்போது வரத்தான் செய்தது. ஒதுங்கிய ஆட்களும் அதன் பிறகு இருக்கத்தான் இருந்தார்கள். ஆனால் ஒதுங்கினால் அது அவர்கள் ஆட்டத்தின் குறை, என் ஆட்டத்தின் குறை இல்லை என்று என்னால் நினைக்க முடிந்தது. அந்த இடது ஓரக்காரரை மறுபடி நான் பார்க்கவே இல்லை. பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனேனே என்று பல நாள் வருத்தப்பட்டிருக்கிறேன்.

பரணில் இருக்கும் தகரப் பெட்டியில் அந்தக் காலத்துக் கோப்பைகள் கிடக்கின்றன. அவற்றில் எது நான் ஜெயித்தது, எது தீட்டுக்குப் பயந்து எனக்கு விட்டுக் கொடுத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மழைக்காலம் வந்தால் இடது கணுக்கால் விண்விண்ணென்று வலிக்கும், பிள்ளைகள் தைலத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள், நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். ஒரு மனுஷன் என்னைச் சக ஆட்டக்காரனாக மதித்துக் கொடுத்த வலி அது, கொஞ்சம் இருந்துவிட்டுத்தான் போகட்டுமே.