பறியும் நீர்நாயும்

கிள்ளை கிராமத்துக் கழிமுகத்தில் இருக்கும் நீர்நாயைப் பார்க்காமல் ஊரை விட்டுப் போவதில்லை என்று வீம்பாக இருந்தேன். மஞ்சக்குப்பத்தில் என்னோடு வேலை பார்க்கும் எல்லாரும் பார்த்துவிட்டார்களாம். நான் மட்டும் செம்மண்டலத்திலிருந்து ஏழு முறை கிளம்பி, சிதம்பரத்தில் பஸ் மாறி, அலையாத்திக் காட்டில் படகேறி ஏமாந்து திரும்பியவள். இப்போது திருப்பூருக்கு மாற்றல். திங்கட்கிழமை அங்கே சேர வேண்டும்.

கடைசி ஞாயிறு. படகே வேண்டாம் என்று, நான் வழக்கமாக இறால் வாங்கும் இருளர் பெண்ணோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டேன். அவளுக்கு வலையும் கிடையாது, தூண்டிலும் கிடையாது. பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, இறாலைப் பிடித்து அதற்குள் போடுவாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"கண்ணுக்கே தெரியாம எப்படிப் புடிக்கிற? கடிக்காதா? நீர்நாய் எந்தப் பக்கமா வரும்?"

அவள் பறியை வாயிலிருந்து எடுத்தாள். "அக்கா, ஏழு தபா வந்தும் அது ஏன் வரலன்னு இப்பதான் தெரியுது. ஒனக்கு வாயி ஜாஸ்தி. இந்தா, இத நீ கடி. நான் புடிச்சுப் போடுறேன்."

கடித்தேன். ஓலை உப்புக் கரித்தது. அரை மணி நேரம் நான் பேசாமல் இருந்ததை என் வீட்டுக்காரர் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். இறால் சேரச் சேரத் தாடை வலித்தது.

சுரபுன்னை வேர்களுக்கு நடுவே ஒரு தலை எழும்பியது. மீசை!

"ஐயோ, அந்தா! அந்தா!"

பறி தலைகுப்புற விழுந்தது. காலையிலிருந்து அவள் பிடித்த அத்தனையும் தண்ணீரோடு போயிற்று. நீர்நாயும் முங்கிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாத்தியா, இல்லியா?"

"மீசையத்தான் பாத்தேன்."

"எம்பொழப்பக் கெடுத்துட்டு மீசைய மட்டும் பாத்தியா!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பறியை அலசி மறுபடி என்னிடமே நீட்டினாள். "கெட்டியா கடிச்சுக்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இந்த முறை நானும் அவளோடு குனிந்து துழாவினேன். மதியம் வரை எனக்கு அகப்பட்டது ஒரே ஒரு இறால். அவள் பிடித்ததில் பாதிப் பறி நிறைந்திருந்தது. நிமிர்ந்தேன்.

கைக்கெட்டும் தூரத்தில், வேர் மேல் ஏறி உட்கார்ந்து ஒரு நீர்நாய் மீனைக் கறுக் மொறுக்கென்று தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு குட்டிகள். அது நிறுத்தி என்னையே பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது, கண்ணில் நீர் கொட்டியது.

பறியை மட்டும் விடவில்லை.