செம்மண் இட்ட பள்ளம்

"உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு நட்சத்திரம் வழங்குங்கள்."

ஆறு வாரத்தில் ஒன்பதாவது தடவை. ரமா கைபேசியை மேஜைமேல் குப்புறக் கவிழ்த்தாள். என்ன தீர்ந்தது? ஒரு மண்ணும் தீரவில்லை. புனே பக்கத்து ஆகுர்டியில் அவர்கள் குடியிருப்பின் வாசலிலிருந்து அறுபது அடி தள்ளி, நடைபாதைச் சாக்கடைமேல் போட்டிருந்த சிமெண்டுப் பலகை உடைந்து, முழங்கால் ஆழப் பள்ளம் அப்படியேதான் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

ரமாவுக்கு இது தாங்கவே முடியாத விஷயம். கல்யாணமாகிக் கும்பகோணத்திலிருந்து வந்தவள், முப்பத்தோரு வருஷம் தொலைபேசி அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்தவள். மராத்தி கற்றுக்கொண்டதே அந்த நாற்காலியில் திட்டு வாங்கித்தான். "சரி பண்ணியாச்சு மேடம்" என்று லைன்மேன் வந்து சொன்னால் நம்பமாட்டாள். புகார் கொடுத்தவரையே கூப்பிட்டு, அவர் "ஹலோ" என்று சொன்ன பிறகுதான் பதிவேட்டில் அந்த வரியை அடிப்பாள். அப்பேர்ப்பட்டவளிடம் போய் நட்சத்திரம் கேட்டால்?

இத்தனைக்கும் மாநகராட்சியின் அந்தப் புகார்ச் செயலி வந்தபோது அதிகம் மகிழ்ந்தவள் அவள்தான். போட்டோ எடுத்துப் போட்டால் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஆள் வருவான் என்றார்கள். மக்கள் பங்கேற்பு என்றார்கள். குடியிருப்பில் வீடு வீடாகப் போய் எல்லோருடைய கைபேசியிலும் அதை ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள், பைத்தியக்காரி.

பள்ளத்தை நினைத்து அவள் பதறியது கணவர் சந்திரமௌலிக்காக. போசரியில் ஒரு பட்டறையில் தரப் பரிசோதகராக இருந்தவர் அவர். தலைமுடி கனத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கண்ணைச் சர்க்கரை வியாதி தின்றுவிட்டது. இப்போது பளிச்சென்ற நிறங்கள் மட்டும் கொஞ்சம் தெரியும். ஆனாலும் காலை ஆறரைக்குக் கோலைத் தட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்குத் தனியாகப் போய், நண்பர் அப்துல் காதரோடு சர்க்கரை போடாத டீ குடித்துவிட்டு எட்டு மணிக்குத் தனியாகத் திரும்புவார். அந்த ஒன்றரை மணி நேரம் அவர் யார் தயவிலும் இல்லை. பள்ளம் விழுந்த பிறகு ரமா கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள்.

"நாளையிலிருந்து போகலை, விடு. பத்து வயசுப் பையனா நான்?" என்றார் ஒரு நாள்.

மறுநாள் விடியற்காலை ரமா செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு போனாள். பள்ளத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் செம்மண் பட்டை, அதன் இரு பக்கமும் கோலமாவில் தடிமனாக வெள்ளைக் கோடு. வெள்ளிக்கிழமைதோறும் வாசலில் போடுவதுதான். சந்திரமௌலிக்கு ஐந்தடி தூரத்திலேயே அது தெரிந்தது. சுற்றிக்கொண்டு தனியாகப் போனார். தனியாக வந்தார். "பிரமாதம்டி" என்றார். மூன்று நாள் வீடே கலகலவென்று இருந்தது.

அதன் பிறகுதான் இந்த ஒன்பதாவது தகவல். வேலை முடிந்ததற்குச் சான்றாக ஒரு போட்டோ வேறு. பார்த்தால் அவள் போட்ட கோலம்!

வார்டு அலுவலகத்துக்குப் போய் நின்றாள். இளநிலைப் பொறியாளர் வைஷாலி நல்ல பெண். நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், எல்லாம் கொடுத்தாள்.

"காக்கு, சிவப்பு வெள்ளைப் பட்டை இருந்தா எச்சரிக்கைத் தடுப்பு வெச்சாச்சுன்னு அர்த்தம். ஃபீல்டு ஆள் போட்டோ போட்டதும் சிஸ்டம் தானா மூடிடும்" என்று சித்தி முறை வைத்து மராத்தியில் சொன்னாள்.

"அது தடுப்பு இல்லம்மா, நான் போட்ட கோலம்!"

"அப்படியா! ரொம்ப அழகா இருக்கு."

ரமாவுக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. "சரி, திரும்பத் திற."

"என்னால திறக்க முடியாது காக்கு. கோலம் இல்லாம புதுசா ஒரு போட்டோ, காலையில எட்டு மணிக்குள்ள, அங்கிருந்தே போடுங்க. எட்டரைக்கு வண்டி கிளம்பும். நானே பலகையோட அனுப்பறேன், சத்தியமா."

மறுநாள் சந்திரமௌலி டீக்கடைக்குப் போன பிறகு, ஏழு மணிக்கு, ரமா வாளியும் துடைப்பமுமாகப் போனாள். அவர் எட்டுக்குத்தான் வருவார். கழுவி, போட்டோ எடுத்து, மறுபடி கோலத்தைப் போட்டுவிடலாம். கால் மணி நேர வேலை. கழுவினாள். எடுத்தாள். 'உங்கள் இருப்பிடத்தைக் கண்டறிய முடியவில்லை' என்றது செயலி. கர்மம், கர்மம். பத்தடி தள்ளி விளக்குக் கம்பத்தடியில் போய்க் கையை உயர்த்திப் பார்த்தாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அன்றைக்கென்று அப்துல் காதருக்குக் காய்ச்சல். கடையில் பேச ஆளில்லாமல் சந்திரமௌலி சீக்கிரமே கிளம்பிவிட்டார். மூன்று நாள் பழக்கத்தில் சிவப்புப் பட்டையைத் தேடிக்கொண்டே வீசி நடந்து வந்தார். அது இன்னும் வரவில்லை என்றுதான் நினைத்திருப்பார்.

"ஏன்னா! நில்லுங்கோ!"

கோல் உள்ளே போயிற்று, பின்னாலேயே கால். விழுந்த சத்தத்தில் பெட்டிக்கடைக்காரன் ஓடி வந்தான். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. ரமா அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். அவர் தரையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"கோலம் எங்கடி?"

"அழிச்சுட்டேன்னா. நான்தான் அழிச்சேன்" என்றவள் நடுத்தெருவில் ஓவென்று அழுதாள்.

அந்த ரத்தத்தோடேயே அவர், "போட்டோ எடு. இப்பவாவது நம்பறானா பாப்போம்" என்றார்.

எடுத்தாள். இந்தத் தடவை செயலி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வைஷாலி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பத்து மணிக்குப் பலகை வந்து இறங்கிவிட்டது. நான்கு ஆள் தூக்கிப் போட்டு, ஓரமெல்லாம் சிமெண்டு பூசினார்கள். காய்ந்த பிறகு ரமா அதன்மேல் ஏறி நின்று, யார் பார்த்தால் என்ன என்று இரண்டு தடவை குதித்தும் பார்த்தாள். அசையவில்லை.

புண் ஆறப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. பதின்மூன்றாம் நாள் ஆறரைக்குக் கோலைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"எல்லாம் சரியாயிடுத்துன்னா. தைரியமாப் போய்ட்டு வாங்கோ."

சந்திரமௌலி வாசல் வரை போனார். கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பாமலே இடது கையைப் பின்னால் நீட்டினார்.

"நீயும் கூட வாயேன் ரமா" என்றார்.