தவறான விடை எழுதுகிறவள்

ஆப்ஷன் அக்காவுக்குத் தவறான விடை எழுதத்தான் சம்பளம். நாங்கள் வேலை பார்த்தது போட்டித் தேர்வுகளுக்கு வழிகாட்டி நூல் போடும் சின்னப் பதிப்பகம். எண் தொடர்க் கேள்வியையும் சரியான விடையையும் கணக்கு வாத்தியார் ஒருவர் எழுதி அனுப்பிவிடுவார். கூடவே மூன்று தவறான விடைகளைச் சேர்ப்பது அக்காவின் வேலை. எல்லாவற்றையும் ஆங்கிலத்திலும் எழுதுவது என் வேலை. எங்கள் மேசைகள் இரண்டும் ஜன்னலோரம் ஒட்டிக் கிடந்தன. கீழ்த்தளத்தில் அச்சு இயந்திரம் ஓடும்போது பேனா தானாக உருளும்.

தவறான விடை என்றால் வாய்க்கு வந்த எண்ணைப் போட்டுவிட முடியாது. 4, 7, 13, 25, 49 என்று ஒரு தொடர். ஒவ்வோர் எண்ணையும் இரட்டித்து ஒன்றைக் கழித்தால் அடுத்தது வரும். ஆகவே விடை 97. அக்கா துண்டுத் தாளில் குறித்துக்கொள்வாள்: 98, ஒன்றைக் கழிக்க மறந்தவர். 99, கழிப்பதற்குப் பதில் கூட்டியவர். 73, கடைசியாகக் கூடிய 24-ஐயே மறுபடியும் கூட்டியவர். ஒவ்வொரு தப்புக்கும் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பாள். ஆள் இல்லாத எண்ணை எவரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்களாம்.

"எப்படிக்கா இவ்வளவு கரெக்டா யோசிக்கிறீங்க?" என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"யோசிக்கல. எல்லாம் நானே பரீட்சையில போட்டது. ஆறு தடவ எழுதியிருக்கேன்ல."

சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

அவளும் அவள் அம்மாவும் அண்ணன் வீட்டில் இருந்தார்கள். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஒருமுறை போயிருக்கிறேன். இஸ்திரி போட்ட துணிகளை அடுக்கி வைக்கும் அறைதான் அவர்கள் இருவருக்கும். யாருக்குச் சட்டை வேண்டுமென்றாலும் கதவைத் தட்டாமல் உள்ளே வருவார்கள். அண்ணி மோசமில்லை, வாய்தான் சும்மா இருக்காது. "இவளுக்கு மாப்பிள்ளை பாத்தாக்கூட நாலு பேரா கொண்டுவரணும். அதுல மூணு பேரு தப்புன்னு நிரூபிச்சிட்டுத்தான் நாலாவது ஆளப் பாப்பா" என்றாள் என்னிடம். அக்கா போர்வைக்குள் இருந்தபடி, "நாலாவதும் தப்பாத்தான் இருக்கும் அண்ணி" என்றாள்.

அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை. அதற்குத்தான் ஆறு முறையும் எழுதினாள். கிடைத்தால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போய்விட நினைத்திருந்தாள். வயது வரம்பு முப்பத்தைந்து. ஏழாவது முறை எழுதியபோது அவளுக்கு அது முடிய இரண்டு மாதம் இருந்தது.

தேர்வு முடிந்த மறுநாள் வழக்கம்போல் ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தாள். மதியம் சாப்பிடும்போதுதான் பேசினாள்.

"நம்ம கேள்வி ஒண்ணு வந்துச்சு. நாலு, ஏழு, பதிமூணு."

"நல்லதாப் போச்சு."

"ஆப்ஷனும் நம்மளுதுதான். அதே வரிசை."

அந்தக் கேள்வியைப் பற்றி எங்கள் இருவருக்கும் தெரியும். விடைகள் சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு வரிசையாக இருக்க வேண்டும் என்பது முதலாளியின் கண்டிப்பு. விடைப்பட்டியல் தயாரான பிறகு அக்கா அந்த நான்கு எண்களையும் இடம் மாற்றி அடுக்கினாள். 97 இரண்டாம் இடத்துக்கு, (ஆ)வுக்கு வந்தது. பட்டியலில் இருந்த (இ)யை மாற்ற விட்டுப்போயிற்று. (இ) இப்போது 98. நாங்கள் பார்த்தபோது புத்தகம் கடைகளுக்குப் போய்விட்டிருந்தது. அடுத்த பதிப்பில் சரிசெய்துகொள்ளலாம் என்று முதலாளி சொன்னார். அடுத்த பதிப்பு இன்னும் வரவில்லை.

"நீங்க எதப் போட்டீங்க?"

"தொண்ணூத்தெட்டு. கேள்விய அப்படியே எடுத்தவங்க விடையையும் அப்படியேதான் எடுத்திருப்பாங்க. போட்டுப் பாக்கவா போறாங்க?"

டப்பாவை மூடி, கழுவப் போனாள்.

இரண்டு வாரத்தில் தற்காலிக விடைப்பட்டியல் வந்தது. அந்தக் கேள்விக்கு (இ) என்றே இருந்தது. நூற்றுக்கு எழுபத்தொன்று வந்தது அக்காவுக்கு. போன முறை எழுபது எடுத்தவர்கள்வரை வேலை கிடைத்திருந்தது. இரண்டு தரம் கூட்டிப் பார்த்தாள். அன்று சாயங்காலம் அலுவலகத்துக்குப் பின்தெருவில் வாடகைக்கு விடும் ஒரு மாடி அறையைப் பார்த்துவிட்டு வந்தாள். "சமையல்கட்டுல ரெண்டு பேர் நிக்கலாம். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

பட்டியலில் தவறு இருந்தால் ஐந்து நாளுக்குள் ஆட்சேபம் அனுப்பலாம். அச்சில் வந்த ஆதாரத்தை இணைக்க வேண்டும். நான்காம் நாள் காலை ஒருவர் படியேறி வந்தார். அதே தேர்வு எழுதியவர், மருந்துக்கடையில் வேலை பார்ப்பவராம். கையில் எங்கள் புத்தகம் இருந்தது.

"மேடம், நாப்பத்தொன்பத ரெண்டால பெருக்கி ஒண்ணக் கழிச்சா எவ்வளவு?" என்று என்னைக் கேட்டார்.

"தொண்ணூத்தேழு."

"என் பொண்ணும் அதான் சொன்னா. மூணாங்கிளாஸ் படிக்குறா. ஆனா அவ சொன்னா செல்லாதாம், புக்கு சொல்லணுமாம். இந்தக் கேள்வி இருக்குறது ஊர்லயே உங்க புக்குல மட்டுந்தான். உங்க புக்கு தொண்ணூத்தெட்டுங்குது. நான் யார்கிட்ட போய் அழறது?"

புத்தகத்தில் இருப்பது தவறு என்று பதிப்பகத்தின் தாளில் ஒரு கடிதம், முத்திரையோடு. அதுதான் அவர் கேட்டது. அக்கா எழுந்துபோய்க் கீழே இருந்த முதலாளியிடம் சொன்னாள். அவர் படிக்கட்டில் நின்றபடியே பேசியது மேலே கேட்டது.

"நம்ம புக்கு தப்புன்னு நாமளே எழுதிக் குடுக்கறதா? எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நீயே பாத்து ஏதாவது பண்ணு. அந்தாள அனுப்பி வச்சிட்டாலும் சரிதான்."

அக்கா மேலே வந்தாள். நான் அவள் பக்கம் குனிந்து, "நாளைக்குச் சாயங்காலமா வரச் சொல்லலாங்க்கா" என்றேன். ஆட்சேபம் அனுப்ப மறுநாள் பகல் பன்னிரண்டுதான் கடைசி.

"லீவு போட்டுட்டு வந்திருக்காரு" என்றாள்.

அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். கோப்பைத் தேடி எடுத்து, வாத்தியாரின் கையெழுத்துத் தாளில் 97 என்றிருந்த பக்கத்தை நகலெடுத்தாள். பிறகு கடிதத்தைத் தட்டச்சு செய்தாள். பக்க எண், கேள்வி எண், விடை (இ) என்றிருப்பது அச்சுப்பிழை, சரியான விடை (ஆ) 97. தாளை எடுத்துப் படித்தவள் திரும்ப உட்கார்ந்து 'அச்சுப்பிழை' என்பதை அழித்துவிட்டுத் 'தொகுத்தவரின் பிழை' என்று அடித்தாள். கீழே அச்சு ஓட்டுபவர் பிழை விடவில்லை என்றாள். ஆங்கிலத்தில் எழுதும்படி என்னிடம் நீட்டினாள். நான் எழுதினேன். ஐந்து வரிதான்.

மருந்துக்கடைக்காரர் முத்திரையை ஊதிக் காயவைத்தார். "நீங்களும் இந்தப் பரீட்சை எழுதுவீங்களா மேடம்?"

"எழுதுவேன்."

"இதுக்கு எதப் போட்டீங்க?"

"பாத்துப் போங்க, கடைசிப் படி உடைஞ்சிருக்கு" என்றாள் அக்கா.

இறுதி விடைப்பட்டியலில் (ஆ) வந்தது. அதற்கடுத்த மாதம் மதிப்பெண் வந்தது. இந்த முறை எழுபத்தொன்று எடுத்தவர்கள்வரை எடுத்துக்கொண்டார்கள். அக்காவுக்கு எழுபது. என் கணினியில்தான் பார்த்தாள். அவள் பதிவெண்ணைத் தட்டியதும் நான்தான். திரையைப் பார்த்துவிட்டு, "மூடிடு" என்றாள். ஐந்தரைக்குப் பையை எடுத்தபோது, "வீடு வரைக்கும் வர்றியா?" என்று கேட்டாள். அதற்குமுன் அவள் அப்படிக் கேட்டதில்லை. பேருந்தில் இருவருக்கும் இடம் கிடைத்தது. அவள் வழியெல்லாம் டிக்கெட்டை மடித்துக்கொண்டு வந்தாள்.

கதவைத் திறந்த அண்ணி எங்கள் முகத்தைப் பார்த்தாள். கேலி எதுவும் வரவில்லை. அறைக்குள் போய், கட்டிலில் கிடந்த அண்ணனின் சட்டைகளை எடுத்து அலமாரியின் மேல் வைத்தாள், நான் உட்கார. அம்மா சுவரோரம் உட்கார்ந்து கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?"

"வரலம்மா."

"தப்பாப் போட்டுட்டியா?"

"ஆமா."

"எத்தன?"

"முப்பது."

அம்மா தலையை ஆட்டினாள். முப்பது என்றால் என்ன செய்வது என்பதுபோல இருந்தது. வெட்டிய நகங்களைத் தாளில் கூட்டி மடித்தாள். "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று சமையலறையிலிருந்து அண்ணி என்னிடம் சொன்னாள். அக்கா முகம் கழுவப் போனாள். அண்ணனின் மகன் உள்ளே வந்து பள்ளிச் சட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போனான். நான் எழுந்து போட்டேன்.