வேலிக்கு நான் சொன்ன விலை

எழுபதுகளின் நடுவில் பாண்டிச்சேரியில் நாங்கள் வேலை பார்த்த மில்லைக் காலவரையில்லாமல் மூடினார்கள். எனக்கும், அங்கே தறி ஓட்டிக்கொண்டிருந்த என் தங்கை புருஷனுக்கும் ஒரே நாளில் வேலை போயிற்று. ரெண்டு மாசத்தில் திறந்துவிடும் என்றது சங்கம். ஒரு வருஷம் ஓடிவிட்டது. மரம் கழிக்க, வேலி வெட்ட ஆள் வேணுமா என்று வீடு வீடாகப் போய்க் கேட்க ஆரம்பித்தோம். பேசுவதும் விலை சொல்வதும் நான். ஏறுவது அவன். என்னைவிட எட்டு வயசு சின்னவன், ஒல்லி, உயரத்துக்குப் பயப்படாதவன்.

அப்படித்தான் லாஸ்பேட்டையில் ஒரு சொல்தா வீட்டுக்குப் போனோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனில் வந்தவர்களை அப்போது எல்லோரும் சொல்தா என்றுதான் சொல்வார்கள், நேரில் ஐயா என்பதற்குப் பதில் முசே என்பார்கள். இவருக்கு மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் பிரான்சில். தோட்டத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கொடுக்காப்புளி வேலி. பத்துப் பன்னிரண்டு வருஷமாக அரிவாள் படாமல், வேலி என்கிற பேரையே இழந்து, முள் காடாக நின்றது. உச்சிக் கிளைகள் காற்றடித்தால் கரண்டுக் கம்பியில் உரசிப் பொறி பறக்குமாம்.

"ஆள் உயரத்துக்குக் கொறைக்கணும்" என்றார்.

நான் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எட்டு வைத்து நடந்தேன். நாற்பது எட்டு. தொரட்டிக் கழியை நிமிர்த்திப் பிடித்தேன். அது பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் போயிற்று. மூணு ஆள் உயரம் இருக்கும். தெருப்பக்கம் கம்பி, மறுபக்கம் அண்டை வீட்டுச் சமையலறை ஓடு. அதனால் வெட்டியதைக் கீழே அப்படியே தள்ள முடியாது. ஒவ்வொரு கிளைக்கும் கயிறு கட்டி, தோட்டத்துக்குள்ளே இழுத்துச் சாய்க்க வேண்டும். கொடுக்காப்புளி லேசில் முறியாது. வளைந்து கொடுத்துவிட்டு வில் மாதிரி திரும்பும். சவுக்குக் கழியில் சாரம் கட்டி, ஒரு கை தூரம் தள்ளி நின்று வெட்டினால்தான் சரி. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை.

மூணு நாள் கூலி, சாரத்துக்கு வாடகை, முள்ளை அள்ளிப்போக வண்டி. மனசுக்குள்ளேயே கூட்டிப் பார்த்தேன்.

"இருநூத்தி இருவது ஆவும் முசே. சாரம் கட்டணும்."

அவர் வேலியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்து ஒருத்தன் வந்தான். நூத்தி எழுவது சொன்னான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த வாரம் வேறு வேலை எதுவும் கையில் இல்லை. "நூத்தி அறுவத்தஞ்சு குடுங்க. ரெண்டே நாள்ல முடிச்சிடறேன்" என்றேன். எனக்கு முன்னால் என் வாய் முந்திக்கொண்டது.

திரும்பி வரும்போது மாப்பிள்ளை கேட்டான்: "சாரத்துக்கு என்னா பண்ணப் போற மச்சான்?"

"ஏணி வெச்சிக்கலாம்."

"ஏணின்னா ஒரு கையில புடிச்சிக்கினு ஒரு கையிலதான் வெட்டணும். முள்ளு மூஞ்சிக்கு வந்தா தடுக்கக் கை இருக்காது."

"பாத்து வெட்டு. ரெண்டு நாள்தானே."

அவன் ஏணி கேட்டுவரப் போனான். விலை பேசுவது என் பொறுப்பு என்று முதலிலேயே முடிவாகியிருந்ததே.

முதல் நாள் பாதி வேலி இறங்கிவிட்டது. அன்றைக்கு எனக்கு என்மேலேயே ஒரு மெச்சுதல். ரெண்டாம் நாள் மத்தியானம், கம்பிக்குப் பக்கத்தில் ஒரு கிளை. அவன் மேலே முக்கால்வாசி வெட்டிவிட்டு "இழு" என்றான். கீழிருந்து கயிற்றை இழுத்தேன். கிளை வேறொரு கிளையில் மாட்டி நின்றது. பொழுது போய்க்கொண்டிருந்தது, வண்டிக்காரன் வேறு வந்து காத்திருந்தான். வெடுக்கென்று பலமாக இழுத்தேன். மாட்டியிருந்தது விடுபட்டு, வளைந்திருந்த அந்த இன்னொரு கிளை திரும்பி அவன் முகத்தில் அடித்தது.

அவன் விழவில்லை, கத்தவும் இல்லை. ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கி வந்து, தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, "மச்சான், கண்ணு என்னமோ மாதிரி இருக்கு" என்றான். உள்ளங்கையை எடுக்கச் சொன்னேன். எடுத்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெரியாஸ்பத்திரியில் பதினெட்டு நாள். இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

நாலாம் நாள் சொல்தா ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் கேட்டார்.

"மொதல்ல சாரம் கட்டணும்னு சொன்னியே. ஏன் கட்டல?"

"ஒருத்தன் நூத்தி எழுவது சொன்னான்னீங்களே முசே."

"அவன் சொன்னதைச் சொன்னேன். நான் கொறைக்கச் சொன்னேனா?"

சொல்லவில்லைதான். இருநூற்று இருபதையும் எண்ணி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மீதி வேலியை யார் வெட்டினார்களோ, அந்தத் தெருப்பக்கம் நான் பிறகு போகவில்லை.

அடுத்த வருஷம் மில் திறந்தது. ரெண்டு பேருக்கும் கடுதாசி வந்தது. ஒரே சைக்கிளில்தான் போனோம். டாக்டர் பார்வை சோதித்தார். சுவரில் மாட்டியிருந்த அட்டையை நான் கடைசி வரிவரை படித்தேன். மாப்பிள்ளைக்கு அந்த அட்டையைக் காட்டவே இல்லை. முகத்தைப் பார்த்ததுமே பேரை அடித்துவிட்டார்கள். ஒற்றைக் கண்ணோடு தறியில் விட மாட்டார்களாம். நான் கெஞ்சினேன். அவன்தான், "வுடு மச்சான், உனக்கு ஷிப்டு நேரமாவுது" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எனக்கு விட்டு நடந்தே போனான்.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "உனக்கு வேல கெடச்சிடுச்சாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். கிடைத்துவிட்டது என்றேன். "செரி" என்றாள். முறம் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

அவன் பிறகு பாண்டிச்சேரியிலேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன் ஆனான். மில் சம்பளத்தில் பாதிதான். நடுவில் ரெண்டு தடவை பணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரெண்டு தடவையும் என் பிள்ளை கையில் அது திரும்பி வந்தது. வழியில் பார்த்தால் மாப்பிள்ளை எப்போதும்போல் பேசுவான். இடப்பக்கம் யாராவது நின்றால் உடம்போடு சேர்த்துத் திரும்புவான். நான் பழக்கத்தில் வலப்பக்கமாகப் போய் நின்றுகொள்வேன்.

எண்பதுகளின் கடைசியில் அவர்கள் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தார்கள். தாய்மாமன் நான்தான். பத்திரிகையைத் தங்கையே கொண்டுவந்து கொடுத்தாள். சீர்த்தட்டோடு போனேன். எதையும் திருப்பி அனுப்பவில்லை. மாமனை உட்காரவைத்துச் சந்தனம் பூசி, மாலை போட்டு, எந்த முறையிலும் குறை வைக்கவில்லை. பந்தியில் என் இலைக்குத் தங்கையே சோறு போட்டாள். ஏதாவது சொல்வாள் என்று அண்ணாந்து பார்த்தேன். "குழம்பு ஊத்தட்டுமா?" என்றாள்.

ஊற்று என்றேன்.