கருப்பியும் வெள்ளையம்மாவும்

கீஈஈ என்று காதைத் துளைக்கும் ஒரு நீண்ட கூச்சல், அது ஓய்ந்ததும் தகரத்தில் மணலைக் கொட்டி ஆட்டினாற்போல் ஒரு கரகரப்பு, மறுபடியும் கூச்சல்: கிளமெண்டியில் நாங்கள் இருந்த அடுக்குமாடி வீட்டில், பள்ளி விட்டு நான் வந்த பிறகு பிற்பகல் முழுவதும் இந்தச் சத்தம்தான். "சேசுவே! இவ பேய ஓட்டுறாளா, கூப்பிடுறாளா? சத்தத்தக் கொறைடி!" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்துவார். பேயுமில்லை, பிசாசுமில்லை, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர், கேசட்டில் இருக்கும் விளையாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்கிக்கொள்கிற சத்தம் அது. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், கைப்பேசியைத் தடவியதும் எல்லாம் வந்து நிற்கிற காலத்தில் பிறந்தவர்களுக்குக் காத்திருப்பதைப் பற்றி என்ன தெரியும்?

எண்பதுகளில் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்பது எங்கள் பக்கத்தில் பெரிய பேச்சு. அதில் பல சாதி உண்டு. ஒன்றில் எழுதியதை இன்னொன்று படிக்காது, ஏறெடுத்தும் பாராது. எங்கள் வீட்டுக்கு வந்தது கருப்பு நிறத்தில் சிறியது, ரப்பர் பொத்தான்கள் வைத்தது. அதற்கென்று தனித்திரை கிடையாது, கூடத்துத் தொலைக்காட்சியில்தான் மாட்டவேண்டும். தமிழ்ச் செய்தி வந்துவிட்டால் கம்பியைக் கழற்றிவிட்டு எழுந்துவிட வேண்டியதுதான். என் வகுப்புத் தோழி நசீரா வீட்டில் இருந்ததோ வெள்ளை நிறத்தில் பெரியது. தனித்திரை, கட்டை கட்டையாய்ப் பொத்தான்கள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தட்டு, அதாவது ஃபிளாப்பி. கருப்பு உறைக்குள் இருந்த அந்தத் தட்டைச் செருகிக் கதவைச் சாத்தினால், தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் விளையாட்டு தயாராகிவிடும். எங்களுடையதற்குக் "கருப்பி" என்றும் அவர்களுடையதற்கு "வெள்ளையம்மா" என்றும் நாங்களே பேர் வைத்தோம்.

பேர் வைத்ததோடு சண்டையும் தொடங்கியது. சண்டை என்றால் சாதாரணச் சண்டையா! பள்ளிப் பேருந்தில், கேண்டீன் வரிசையில், மறைக்கல்வி வகுப்பு முடிந்து நான் வீடு வந்ததும் தொலைபேசியில். "ஒங்க வெள்ளையம்மாவுக்குக் கலர் உண்டா? எல்லாம் ஒரே பச்சை!" என்பேன் நான். "கலரை வச்சி நாக்கு வழிக்கவா? ஒங்க கருப்பி முழிச்சிக்கிறதுக்குள்ள நான் ஜெயிச்சிட்டு தூங்கிடுவேன் லா" என்பாள் அவள். வெளியே நான் கருப்பிக்காக உயிரை விடுவேன். உள்ளுக்குள் எனக்கு வெள்ளையம்மாவின் மேல்தான் ஆசை. பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் யாராவது மின்விசிறியைப் போட்டால்கூடக் கருப்பி அப்படியே நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து சுற்றவேண்டும். நான் அழுகிற மாதிரி உட்கார்ந்திருப்பேன். "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று சொல்லிக்கொண்டே அப்பா வந்து கேசட்டைப் பின்னால் ஓட்டுவார்.

கருப்பியைத் தேர்ந்தெடுத்தவர் அப்பாதான். மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை அவருக்கு. ஆனால் கோயிலில் எல்லாரும் அவரைப் "பாட்டு அந்தோணி" என்றுதான் அழைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் பாடற்குழுவை நடத்தியவர் அவர். நசீராவின் வாப்பா காதர் மாமாவுக்குச் சிராங்கூன் சாலையில் ரேடியோ, டேப்ரிக்கார்டர் விற்கும் கடை. அங்கே வாங்கிய டேப்ரிக்கார்டரில்தான் அப்பா சனிக்கிழமைதோறும் பாட்டுப் பயிற்சியைப் பதிவுசெய்வார். பாட்டு தொடங்குமுன் பேர் சொல்லி அறிவிப்பது அவர் வழக்கம். "காணிக்கைப் பாட்டு. பெண்கள் முதல்ல" என்பார், தொண்டையைச் செருமுவார், பாடுவார். அந்தக் குரலைப் பற்றி எப்படிச் சொல்ல? நான் மகள், மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். பூசை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், இன்னொன்று பாடச் சொல்லிக் கிழவர்கள் படிக்கட்டில் நிற்பார்கள். அதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

"தட்டு வச்சத எடுத்துக்க அந்தோணி, புள்ளைக்கு அதான் நல்லது" என்று காதர் மாமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அப்பா கேட்கவில்லை. "டேப்ரிக்கார்டர்தான் வீட்லயே இருக்கே பாய். பாடுற பொட்டியே பாடமும் சொல்லிக் குடுக்கட்டுமே" என்றார். அந்தப் பேச்சு அவருக்கே பிடித்துப்போய், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

வாங்கிய சில வாரங்களில் நானே விளையாட்டு எழுதத் தொடங்கிவிட்டேன். தவளை தாவுவது, பாம்பு வளர்வது, எம்ஆர்டி ரயிலைத் தவறவிடாமல் ஏறுவது. எழுதியதைச் சேமிக்கக் கேசட் வேண்டும். கடையில் வாங்கியது தீர்ந்துபோன ஒரு மாலை, அப்பா தன் பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே முழுக்கப் பாட்டுக் கேசட்டுகள். பதிந்தது அழிந்துவிடாமலிருக்கக் கேசட்டின் தலையில் இரண்டு சின்னத் தகடுகளை உடைத்துவிடுவார்கள். ஓட்டை விழுந்த கேசட்டில் மேலே எதையும் பதியமுடியாது. ஆனால் அந்த ஓட்டையின்மேல் செல்லோடேப் ஒட்டிவிட்டால் மறுபடி பதியலாம். அப்பா பல்லால் செல்லோடேப்பைக் கடித்து ஒட்டினார்.

அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. "ஏங்க, அது ஈஸ்டர் பாட்டுல்ல?"

"பாட்டு எங்க போயிடப் போவுது மேரி? நான்தான் இருக்கேன்ல. எப்ப கேட்டாலும் பாடுறேன்" என்றார் அப்பா.

உண்மைதானே. பாடுகிற மனிதர் கூடத்தில் உட்கார்ந்து கருவாடு பிய்த்துக்கொண்டிருக்கும்போது அவர் குரலுக்கு எதற்கு இன்னொரு பிரதி என்று எங்கள் எல்லாருக்கும் தோன்றியது. அப்படியே ஒவ்வொன்றாக அந்த டின் முழுவதும் என் தவளைகளுக்கும் பாம்புகளுக்கும் போய்ச்சேர்ந்தது.

டேப்ரிக்கார்டரில் எண் காட்டும் சக்கரம் எப்போதோ உடைந்திருந்தது. எந்த விளையாட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அதற்கும் அப்பாதான் வழி கண்டுபிடித்தார்: ஒவ்வொரு விளையாட்டைப் பதியுமுன்னும் டேப்ரிக்கார்டரிலிருந்து கருப்பியின் கம்பியைக் கழற்றிவிட்டு, பாட்டுக்குச் சொல்வதுபோலவே அதன் பேரைச் சொல்லிப் பதிவார். செருமாமல் மட்டும் ஆரம்பிக்கமாட்டார். நசீரா வீட்டுக்கு வந்தபோது இதைக் கேட்டுச் சோபாவில் விழுந்து புரண்டு சிரித்தாள். "அங்கிள் தவளைக்கும் பூசை வைக்கிறாரு லா!" அன்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெள்ளையம்மாவில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. தட்டில் இருப்பதெல்லாம் திரையில் வரிசையாக வந்து நிற்கும்.

கருப்பியும் பழசானாள், வெள்ளையம்மாவும் பழசானாள். இரண்டும் யார் வீட்டுப் பரணில் எப்போது செத்தன என்றுகூடத் தெரியாமல் வேறு வேறு மாதிரிகள் வந்துவிட்டன. நாங்கள் படித்தோம், வேலைக்குப் போனோம், கல்யாணம் செய்துகொண்டோம். டேப்ரிக்கார்டர் ஒருநாள் சுற்றாமல் நின்றது, அதைத் தூக்கிப்போட்டோம். டின் மட்டும் அலமாரிக்கு மேலேயே இருந்தது.

பிறகு அப்பாவின் தொண்டையில் கட்டி வந்தது. உயிரைக் காப்பாற்றினார்கள், குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதன்பின் பல வருடம் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாடற்குழுவில் தன் பழைய இடத்திலேயே போய் நிற்பார். வாய் திறக்காது, வலது கை மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. தூண் மறைவில் இடம் பார்த்து உட்காருவேன். "ஒரு பாட்டாச்சும் தப்பிச்சிருக்காதா?" என்று அம்மா ஒருமுறை டின்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "எல்லாம் வெளயாட்டுதாம்மா" என்றேன். அப்பா சிரித்தபடி டின்னை வாங்கி மூடி, போகட்டும் என்று கையை ஆட்டினார். எப்ப கேட்டாலும் பாடுறேன் என்று சொன்ன மனிதர்! கடவுள்மேல் எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. அவர் போய்ச்சேர்ந்தும் ஆண்டுகள் ஆகிவிட்டன.

போன மாதம் செங்காங்கில் என் வீட்டுக்கு நசீரா வந்தாள். காதர் மாமாவும் இப்போது இல்லை. சிராங்கூன் சாலைக் கடையைக் காலிசெய்கிறார்கள். விற்காமல் மூலையில் கிடந்த ஒரு டேப்ரிக்கார்டரைத் துடைத்து, பை ஒன்றில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். "சும்மா போட்டுப் பாப்போம்டி" என்றாள். எனக்கு விருப்பமில்லை. இல்லாததைத் தேடி மறுபடி ஒருமுறை ஏமாறுவானேன்? அம்மாதான் சக்கர நாற்காலியிலிருந்து டின்னைக் காட்டினார்.

முதல் கேசட்டைப் போட்டோம். கீஈஈ. ஓட்டினோம். கரகரப்பு. பாட்டு ஒன்றுமில்லை, கொஞ்சம்கூட மிச்சமில்லை. நிறுத்தலாம் என்று நான் கையை நீட்டினேன். கூச்சல் தானாகவே நின்றது. ஒரு செருமல் கேட்டது.

"பாம்பு வெளயாட்டு. ஸ்டெல்லா எழுதுனது."

அவ்வளவுதான். மறுபடி கீஈஈ. இத்தனை வருடமாக எங்களில் ஒருவருக்கும் இது நினைவுக்கு வரவில்லை. பாட்டை மட்டுமே தேடிக்கொண்டிருந்தோம். நசீரா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்க தட்டுல வாப்பா குரல் இல்லயேடி. ஒண்ணுமில்ல, ஒரு தும்மல்கூட இல்ல. ஒங்க கருப்பிதான் லா ஒசத்தி" என்றாள். பள்ளிப் பேருந்தில் இந்த ஒரு வார்த்தைக்காக நான் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். இன்று அது கிடைத்தபோது எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு ஈஸ்டர் பாட்டை யாராவது திருப்பித் தந்தால், வெள்ளையம்மாவே உசத்தி என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்வேன்.

கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. இன்னொரு இடைவெளி வந்தது, இன்னொரு செருமல்.

"தவள வெளயாட்டு. சத்தத்தக் கொறச்சு வைம்மா, மேரி திட்டப்போறா."

அம்மா நாற்காலியில் நிமிர்ந்தார். "நான் எப்பங்க திட்டினேன்?" என்றார், டேப்ரிக்கார்டரைப் பார்த்து.

அதற்குள் கூச்சல் தொடங்கிவிட்டது. முன்பெல்லாம் செய்ததுபோலவே என் கை தானாகச் சத்தம் குறைக்கும் குமிழுக்குப் போனது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும்டி, கொறைக்காத" என்றார்.