தொண்ணூற்றொன்பது டிகிரி

என் அத்தையின் படிப்பைக் கெடுத்தவள் நான்தான் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. நேருக்கு நேர் யாரும் சொன்னதில்லை. கல்யாண வீடுகளில் நான் வாயைத் திறந்தால் பெரியம்மா ஒருத்தி, "இவ பேசுனா ஒரு குடியே முழுகிரும்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துத் தொலைப்பேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கொடைக்கானலுக்கு மேற்கே, பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற மேல்மலை ஊர் எங்களுடையது. அங்கிருந்து மதுரைக்குப் போய் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்த முதல் பெண் என் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. துணைப் பாடம் கணக்கு. இரண்டாம் வருஷம் முடிந்து கோடை விடுமுறைக்கு வந்தபோது, கல்லூரியில் கையெழுத்துப் போட்டு வாங்கிய ஒரு தர்மாமீட்டரைப் பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்தாள். காய்ச்சல் பார்க்கிற குச்சி அல்ல. கொதிக்கிற தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, முழ நீளம் இருக்கும்.

அதற்கெல்லாம் மூலகாரணம் என் அம்மா. கீழ்நாட்டிலிருந்து வாழ வந்தவள். வந்த நாள் முதல் பருப்பு வேகவில்லை என்று ஏச்சு வாங்கியவள். மலை ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது, குற்றம் அம்மாவுடையதல்ல என்று அத்தை புத்தகத்தில் படித்தாள். படித்ததோடு விட்டிருக்கலாம். ஊர் ஊராக அளந்துவரட்டுமா என்று பேராசிரியையிடம் கேட்டிருக்கிறாள். அளந்து வா, கல்லூரி திறந்ததும் விஞ்ஞான மன்றத்தில் நீயே கட்டுரை படிக்கலாம் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார்.

அழைத்துவரப் போன அப்பாவின் மானம் வழியெல்லாம் போயிற்று. வத்தலக்குண்டில், பெருமாள்மலையில், கொடைக்கானலில், பஸ் நின்ற இடத்திலெல்லாம் டீக்கடைக்காரரிடம் ஒரு சட்டி வெந்நீர் கொதிக்கவைக்கச் சொல்லி அத்தை தர்மாமீட்டரை விட்டுப் பார்த்தாளாம். பிறகு தம்பிக்கு மொட்டை போடப் பழனிக்குப் போனபோது சத்திரத்து அடுப்பிலும் பார்த்தாள். பழனியில் தொண்ணூற்றொன்பது. எங்கள் ஊரில் தொண்ணூற்று மூன்றரை. அதையும் காலையும் மாலையும் தவறாமல் பார்த்து நோட்டில் எழுதினாள்.

எனக்கு எடுபிடி வேலையும் படிப்பும் ஒன்றாக நடந்தன. பாதரசத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்கக் கற்றேன். கட்டம் போட்ட தாளில் ஊரின் உயரத்தை இப்படியும் டிகிரியை அப்படியும் வைத்துப் புள்ளி குத்தி, கோடு இழுக்கக் கற்றேன். பூண்டுக் கொட்டகையில் என்னை உட்காரவைத்து அத்தை தன் கட்டுரையை ஆங்கிலத்தில் பேசிப் பார்ப்பாள். பிறகு எனக்காகத் தமிழில். "நாம போகாத ஊருக்கும் இந்தக் கோடு பதில் சொல்லும்டி" என்றாள் ஒருநாள். அவளைப் போல எனக்குப் பாடம் சொன்னவர்கள் பின்னால் யாரும் வாய்க்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

பாலசமுத்திரத்தில் தென்னந்தோப்பு உள்ள இடம் ஒன்று அத்தைக்கு வந்தது. கல்யாணம் ஆனால் படிப்பு வேண்டாம் என்பது அவர்கள் பேச்சு.

"ஒரு வருசந்தான கெடக்குண்ணே" என்றாள் அத்தை.

"கெடந்துட்டுப் போகுது" என்றார் அப்பா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் அத்தை என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். "நாளைக்கு வர்றவங்க கேட்டா, நான் தெனமும் தர்மாமீட்டர் பாக்குறதச் சொல்லு. பொய் ஒண்ணும் வேணாம். தண்ணியப் பத்தி மட்டும் சொல்லாத, என்ன?" என்றாள். தோப்புக்காரர்களுக்கு விஞ்ஞானம் புரியாது என்பதால் சொல்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, "ஒங்க அத்தை வீட்ல என்ன சோலி பாப்பாங்க?" என்று கேட்டார்.

"வெள்ளனே எந்திரிச்சு தர்மாமீட்டர் வச்சுப் பாப்பாங்க. சாயங்காலமும் பாப்பாங்க. நோட்டுல எழுதணும்ல."

"தெனமுமா?"

"ஆமா. இங்க இருந்தா தொண்ணூத்தி மூணரைதான். கீழ எறங்குனா ஏறிரும்." அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அத்தை சொல்லச் சொன்னது அவ்வளவுகூட இல்லை. ஆனால் போகாத ஊருக்கும் பதில் தெரிந்த பிள்ளை எப்படிச் சும்மா இருக்கும்? "ஒங்க ஊருக்கு வந்தா எம்புட்டுன்னு நான் கணக்குப் போட்டே சொல்லுவேன். தொண்ணூத்தொம்பது!"

அந்த அம்மாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். வீட்டில் வைத்துப் பார்க்கிற காய்ச்சல் குச்சியில் தொண்ணூற்றொன்பது என்றால் லேசான காய்ச்சல். அந்தக் காலத்தில் சாயங்காலம் தோறும் லேசான காய்ச்சல் என்றால் நெஞ்சுச் சீக்கு, டி.பி. மலைக் காற்றில் அடங்கிக் கிடந்து, கீழே இறங்கினால் கிளம்புகிற சீக்கு. சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். அன்று சாயங்காலம் அத்தை என்னைக் கட்டிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

எட்டு நாளில் பேச்சு எங்களுக்கு முன்னால் சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்பா பாலசமுத்திரத்துக்கே போய், அது வெந்நீருக்கு வைப்பது என்று சொல்லிப் பார்த்தார். வெந்நீருக்குத் தினமும் யார் காய்ச்சல் பார்ப்பார்கள் என்று கேட்டு அனுப்பினார்களாம். திரும்பி வந்தவர் என்னை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, "இம்புட்டையும் யாரு தாயி சொல்லிக் குடுத்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அடுத்தவர் பெருமையை நான் எடுத்துக்கொள்ளக் கூடாதல்லவா? "அத்தைதான். தண்ணியப் பத்தி மட்டும் சொல்லாதன்னாங்க" என்றேன்.

அப்பா தர்மாமீட்டரை உடைக்கவில்லை. அவர் அந்தமாதிரி மனுஷர் இல்லை. பஞ்சில் பத்திரமாகச் சுற்றிக் கல்லூரிக்குத் திருப்பி அனுப்பினார். இனி என் தங்கை வரமாட்டாள் என்று கூடவே ஒரு கடிதமும் வைத்தார். சீக்குப் பேச்சைப் பொருட்படுத்தாத மாப்பிள்ளையாகப் பாச்சலூரில் ஒருவர் கிடைத்தார். மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். ஆடி பிறப்பதற்குள் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. அம்மாவுக்குக்கூட.

புறப்படும்போது அத்தை எல்லோர் காலிலும் விழுந்து எழுந்தாள். கடைசியில் என்னிடம் வந்தாள். என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நீ சொன்ன கணக்கு சரிதான்டி" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பி.எஸ்சி. படித்த அத்தை வாயாலேயே சரி என்று வாங்கிவிட்டேன்! அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா தோட்டத்துப் பக்கம் திரும்பி நின்றார். நான் மட்டும் வண்டிக்குப் பின்னாலேயே வளைவு வரை ஓடிச் சிரித்துச் சிரித்துக் கையாட்டினேன். அத்தை ஏன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று அன்றைக்கு எனக்கு அவள்மேல் கோபமாகத்தான் இருந்தது.