தம்பி கேட்ட கேள்வி

குவைத்திலிருந்து வந்திருந்த தம்பி அங்கே மாதாவிடம் ஜெபிக்காத வேறொரு கிறிஸ்தவ சபையில் சேர்ந்திருந்தான். நான் ஜெபமாலையைக் கையில் எடுத்ததும், "மாதாகிட்ட கேக்கணும்னு பைபிள்ல எங்க இருக்குக்கா?" என்றான்.

சிறுவயது முதல் ஜெபமாலை சொல்லும் எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. விடக்கூடாது என்று மறுநாளே நற்செய்திகளை வாசிக்கத் தொடங்கினேன். முடித்ததும் அவனை உட்கார வைத்தேன்.

"கானா ஊர் கல்யாணத்துல திராட்சை ரசம் தீந்துபோச்சுன்னு இயேசுகிட்ட சொன்னது யாரு மக்கா? அவரு அம்மைதானே? அம்மை சொன்னதுக்கு அப்புறந்தானே தண்ணிய ரசமாக்குனாரு?"

"அப்போ மரியாள் உயிரோட இருந்தாங்க. செத்தவங்களுக்குக் கேக்குமா?"

"கடவுள் உயிரோட இருக்கவங்களுக்குத்தான் கடவுள்னு இயேசுவே சொல்லியிருக்காரு. அவருகிட்ட போனவங்க எப்படிலே செத்தவங்க ஆவாங்க?"

அவன் பைபிளை வாங்கி அந்த இடத்தைத் தானே வாசித்துப் பார்த்தான்.

குவைத்துக்குத் திரும்பும் நாளில், வண்டியில் ஏறும் முன், "எனக்காக ஜெபம் பண்ணுக்கா" என்றான். நான் யாரிடம் சொல்லி ஜெபிப்பேன் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டான்.